சேற்றில் சுழலும் ஒற்றைச் சக்கரம்
(பிக்கப் வண்டிக்கு டிபரன்ஷியல் பூட்டு தேவையா? ஒரு வியாபாரக் கணக்கு)



ஐப்பசி பிறந்து அடைமழை தொடங்கிவிட்டால், கிராமக் கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோய் இறக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு தனிக் கவலை வந்துவிடும். தார்ச்சாலை வரைக்கும் பயமில்லை. அதற்கு அப்பால் உள்ள கண்மாய்க் கரை, களிமண் பாதை, கடலோர மணல் ஆகியவைதான் வண்டியைப் பிடித்துக்கொள்கின்றன. "பின் ஆக்சிலில் லாக் போட்டுவிட்டால் வண்டி மாட்டவே மாட்டாதாமே?" என்று உறுப்பினர்கள் சிலர் கேட்கிறார்கள். சற்றுப் பெரிய தொகை பிடிக்கும் காரியம் இது. ஆகவே அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்துகொண்டு முடிவெடுப்பதே நல்லது.

நான் பட்டது

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாதம். ஆவுடையார்கோவில் பக்கம் அரிசி மூட்டைகளை இறக்கிவிட்டு எங்கள் பிக்கப் வெறும் வண்டியாகத் திரும்பியது. ஓரிடத்தில் இடது பின்சக்கரம் களிமண்ணில் இறங்கிவிட்டது. வலது சக்கரமோ கெட்டியான சரளையில் நின்றது. ஓட்டுநர் தம்பி கால்மணி நேரம் ஆக்சிலேட்டரை மிதித்தும் இடது சக்கரம் மட்டுமே சுழன்றது. வலது சக்கரம் அசையவில்லை. வயலில் இருந்தவர்கள் ஓடிவந்து, சக்கரத்தடியில் பனைமட்டையும் வைக்கோலும் போட்டு, ஐந்து பேர் வண்டியின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தார்கள். மெல்ல எடுத்ததும் வண்டி வந்துவிட்டது!

ஆனால் ஒரு வாரம் கழித்துப் பின்பக்கம் சத்தம் கேட்டது. பட்டறையில் பிரித்தால் ஸ்டார் கியர் பற்கள் போயிருந்தன. "முதலாளி, லாக் இல்லாததால் உடையவில்லை. ஒரு சக்கரத்தை மட்டும் விடாமல் சுழலவிட்டதால் உடைந்தது" என்றார் மெக்கானிக். அந்த மாத லாபத்தில் பாதி பட்டறைக்குப் போயிற்று. அதன்பிறகுதான் இதைப்பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

டிபரன்ஷியல் எதற்கு?

மாட்டு வண்டியின் இரண்டு சக்கரங்களும் அச்சில் தனித்தனியாகச் சுழல்கின்றன. திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிகமாகவும் உள்பக்கச் சக்கரம் குறைவாகவும் ஓடிக்கொள்ளும். இரு சக்கரங்களுக்கும் நடுவே 5 அடி அகலம் என்றால், செங்கோணமாக ஒரு மூலை திரும்பும்போது வெளிச்சக்கரம் ஏறத்தாழ 8 அடி கூடுதலாக ஓட வேண்டும்.

மோட்டார் வண்டியில் எஞ்சின் இரண்டு சக்கரங்களையும் ஓட்டியாக வேண்டும். அதே சமயம் இந்த வித்தியாசத்துக்கும் இடம் கொடுக்க வேண்டும். அதைச் செய்வதுதான் டிபரன்ஷியல். பிரான்ஸ் நாட்டின் ஒனெசிபோர் பெக்கர் என்பவர் 1820-களிலேயே நீராவி வண்டிக்காக இதை அமைத்தார்.

இதில் ஒரு குறை உண்டு. சாதாரண டிபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் சமமான இழுவிசையையே தரும். வழுக்கும் சக்கரம் எவ்வளவு தாங்குமோ, மற்றதற்கும் அவ்வளவுதான் கிடைக்கும். உதாரணமாக, வண்டி நகர 250 கிலோ இழுவை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். களிமண்ணில் உள்ள சக்கரம் 50 கிலோவுக்கு மேல் தாங்காது என்றால் சரளையில் உள்ளதற்கும் 50 கிலோதான். மொத்தம் 100. வண்டி நகராது. பூட்டைப் போட்டால் இரு சக்கரங்களும் ஒரே தண்டுபோல் சேர்ந்து சுழலும். சரளைச் சக்கரம் மட்டுமே 200 கிலோவுக்கு மேல் இழுத்து வண்டியை வெளியே கொண்டுவந்துவிடும்.

பூட்டின் வகைகள்

1. ஓட்டுநரே போடுவது. லீவர், காற்றழுத்தம் அல்லது மின்சுவிட்ச் மூலம் இயங்கும். போர்ஸ் கூர்க்கா ஜீப்பில் முன்னும் பின்னும் இப்படிப்பட்ட பூட்டு உண்டு. 2022-இல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பில் பின்பக்கம் மின்பூட்டு இருக்கிறது. அதன் விலை மளிகை வியாபாரத்துக்குக் கட்டாது.

2. தானாகப் பூட்டிக்கொள்வது. ஒரு சக்கரம் அளவுக்கு மீறிச் சுழலும்போது குறைந்த வேகத்தில் தானே பிடித்துக்கொள்ளும். மஹிந்திரா தார் ஜீப்பின் சில ரகங்களில் இது வந்துள்ளது.

3. நழுவலைக் கட்டுப்படுத்துவது. முழுவதும் பூட்டாது, ஓரளவு இழுவையை நல்ல சக்கரத்துக்கு மாற்றும்.

இவை தவிர, சுழலும் சக்கரத்தில் மட்டும் பிரேக் பிடித்து மற்றதற்கு இழுவை அனுப்பும் மின்னணு ஏற்பாடும் புதிய வண்டிகள் சிலவற்றில் உண்டு. புது வண்டி எடுப்பவர்கள் இதைக் கேட்டுப் பார்க்கவும்.

பூட்டு செய்யாத வேலைகள்

இரண்டு சக்கரமும் புதைந்து, ஆக்சில் தரையைத் தட்டிவிட்டால் பூட்டினால் பயனில்லை. டிராக்டர்தான் வர வேண்டும். மேலும், பூட்டு இருக்கிறது என்ற தைரியத்தில் இன்னும் நூறு கெஜம் உள்ளே போய் மாட்டிக்கொண்டால், மீட்கும் செலவு இரட்டிப்பாகும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வீசியபின் ஆலங்குடி, கீரமங்கலம் பகுதிச் சாலைகளில் மரங்கள் விழுந்து கிடந்தன. அப்போது வழி திறந்தது அரிவாளும் ரம்பமும் ஆள்பலமும்தான். எந்தப் பூட்டும் அல்ல.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. ஒரு பக்கம் சாய்ந்த, ஈரமான கண்மாய்க் கரையில் பூட்டைப் போடாதீர்கள். சாதாரண டிபரன்ஷியலில் ஒரு சக்கரம் சுழன்றாலும், நிற்கும் மற்றச் சக்கரம் நங்கூரம்போல் வண்டியைப் பிடித்திருக்கும். பூட்டு போட்டால் இரண்டும் சேர்ந்து சுழன்று, வண்டியின் பின்பகுதி பள்ளத்தை நோக்கிச் சரியலாம். ஒருபுறம் நீர் நிறைந்த கண்மாய், மறுபுறம் பள்ளம் என்றால் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அதேபோல் தார்ச்சாலையில் பூட்டுடன் திரும்பினால் ஸ்டியரிங் இறுகும், டயர் தேயும், ஆக்சில் தண்டு முறியவும் கூடும். வேலை முடிந்த உடனே பூட்டை எடுத்துவிட வேண்டும். ஓட்டுநருக்கு இதைச் சொல்லிக்கொடுக்காமல் பூட்டு வாங்கித் தருவது, கணக்குத் தெரியாதவன் கையில் கல்லாச் சாவியைக் கொடுப்பது போலாகும்.

நோட்டுப் புத்தகப் பரீட்சை

பணம் கட்டும் முன் ஒரு மழைக்காலம் முழுவதும் நோட்டு ஒன்று வைத்து எழுதுங்கள்: தேதி, இடம், சரக்குடனா வெறும் வண்டியா, ஒரு சக்கரமா இரண்டுமா, எப்படி வெளியே வந்தது, என்ன செலவு. வருட முடிவில், ஒரு சக்கரம் மட்டும் வழுக்கி மற்றது கெட்டித் தரையில் நின்ற தடவைகளை எண்ணுங்கள். பூட்டின் வரவுக் கணக்கில் எழுதத்தக்கவை அவை மட்டுமே.

ஒரு மாதிரிக் கணக்கு. பூட்டும் பொருத்தும் கூலியும் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவை மாட்டினால் டிராக்டருக்கு 1,500, வேலை கெட்டதற்கு 1,000, ஆக 2,500 ரூபாய் நட்டம். 24 தடவை தப்பினால்தான் முதல் திரும்பும். வருடத்துக்கு 2 தடவை என்றால் 12 வருடம். அதற்குள் வண்டியையே மாற்றிவிடுவோம். 8 தடவை என்றால் 3 வருடம், யோசிக்கலாம். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள்.

பூட்டுக்கு முன் செய்ய வேண்டியவை

* மழைக்கு முன்பே பின் டயர்களைப் பாருங்கள். மழுங்கிய டயருக்குப் பூட்டு போட்டால் வழுக்கும் சக்கரம் இரண்டாகும், அவ்வளவே.
* திரும்பும்போது வெறும் வண்டியாக வராதீர்கள். காலிச் சாக்கு, காலி டின்களுடன் சில மணல் மூட்டைகளைப் பின் ஆக்சிலுக்கு மேலாக வையுங்கள்.
* மண்வெட்டி, பழைய கோணிச் சாக்குகள், இரண்டு பலகைகள், கயிறு எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.
* கைபிரேக் பின்சக்கரங்களில் பிடிக்கும் வண்டியானால், அதை இலேசாக இழுத்துக்கொண்டு மெதுவாக எடுத்துப் பார்க்கலாம். சுழலும் சக்கரம் அடங்கி மற்றதற்கு இழுவை போகும்.
* மணலில் டயர் காற்றைச் சற்று இறக்கலாம். நிறைந்த பாரத்துடன் அதிகம் இறக்கக் கூடாது. தார்ச்சாலை ஏறுமுன் திரும்பவும் நிரப்ப வேண்டும்.
* கிராமக் கடைக்காரரிடம் பேசி, மழை நாட்களில் தார்ச்சாலை ஓரமாகவே சரக்கை இறக்க ஏற்பாடு செய்யுங்கள்.

சட்டமும் உத்தரவாதமும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. வெளியில் வாங்கி எதைப் பொருத்துவதானாலும் முன்கூட்டியே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும், இன்சூரன்ஸ் கம்பெனியிலும், வண்டி வாங்கிய இடத்திலும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனியிலேயே பொருத்தி வரும் பூட்டுதான் தொல்லையில்லாதது.

முடிவாக

தினமும் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கத்து மணலுக்குள்ளோ, செங்கல் சூளைக்கோ, தோப்புக்கோ போயே ஆகவேண்டியவர்கள், அடுத்த வண்டி எடுக்கும்போது ஓட்டுநரே போட்டு எடுக்கும் பின்பூட்டு கிடைக்குமா என்று கேளுங்கள். மாதத்துக்கு நான்கு நாள் மண்பாதையில் போகும் மளிகை வியாபாரிக்கு நல்ல டயரும் நிதானமான ஓட்டுநரும் போதும். நான் பூட்டு போடவில்லை. அந்தப் பணத்தில் ஒரு பகுதிக்குப் பின்பக்கம் இரண்டு புது டயர் வாங்கினேன். மீதி சரக்காகக் கடையில் நிற்கிறது.

நோட்டை இந்த மழைக்கே தொடங்குங்கள். கணக்கு சொல்வதைக் கேட்போம்.

வாழ்க வணிகம்!