முறமும் சல்லடையும்

நெல்லிலுள்ள பதரைப் போக்குவது முறம். மாவிலுள்ள கப்பியைப் பிரிப்பது சல்லடை. ஒன்றன் தொழிலை மற்றொன்றினிடம் ஒப்படைப்பார் இலர். ஆயின், கணினியில் அட்டவணைகளைத் தூய்மை செய்வோருட் பலர் கைக்கு எட்டிய கருவியையே எல்லாவற்றிற்கும் எடுத்தாள்கின்றனர்.

எக்செல் என்னும் விரிதாள் கணக்கிடுவதற்கு மிக நன்று. ஆயினும், தன்னுட் புகும் எழுத்துக்களுக்குத் தானே பொருள் கொண்டு அவற்றை மாற்றும் இயல்பும் அதற்கு உண்டு. மனித மரபணு ஒன்றன் குறியீடு 'செப்ட்2' என்பது. எக்செல் அதனைச் செப்டம்பர் 2 என்னும் நாளாக மாற்றிவிடும்! இக்கேடு 2004ஆம் ஆண்டிலேயே சுட்டப்பெற்றது. மரபணுப் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்த கட்டுரைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இத்தகைய பிழையுடையது என 2016இல் ஓர் ஆய்வு கண்டது. இறுதியில், அம்மரபணுவின் குறியீட்டையே 'செப்டின்2' என மாற்றினர். செருப்புக்காகக் காலைத் தறித்த கதைதான். தானே மாற்றுதலை நிறுத்திவைக்கும் வசதி 2023இல்தான் எக்செலில் அமைந்தது.

ஊர்ப்பெயர்கள் பலவாறு எழுதப்பட்ட அட்டவணைக்கு 'ஓப்பன்ரிஃபைன்' ஏற்றது. 'தஞ்சாவூர்', 'தஞ்சாவுர்' போன்ற ஒத்த வடிவங்களை அது திரட்டிக் காட்டும்; இணைக்கும் பொறுப்பு மனிதனுடையது. 'தஞ்சை'யும் அவ்வூரே என்பதை அறிபவனும் அவனே. திருத்தங்கள் யாவும் வரிசையாகப் பதிவாதலின், தவறு நேர்ந்தவிடத்து மீளலாம். மூலக் கோப்பும் மாறாது.

திங்கள்தோறும் ஒரே வகைக் குறையுடன் வரும் அட்டவணைக்குப் பைதான் மொழியில் ஒரு நிரல் எழுதிவைத்தலே தகும். பத்தே வரிகளாயின், கையால் திருத்துதலே விரைவு.