பிளஸ் எங்கே போகுது?



எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையில் ஒரு பழைய டிராக்டர் நிற்கிறது. மாஸி பெர்குசன் 1035. மூன்று சிலிண்டர், 35 குதிரைத்திறன். தாத்தா வாங்கியது. 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே கம்பெனி செய்த வண்டி. இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தில் செய்த மாஸி பெர்குசன் 35-க்கு இதைத் தம்பி என்று சொல்லலாம்.

போன வருஷம் அதற்குப் புது பேட்டரி போட்டோம். மறுநாளே பேட்டரி செத்துப்போச்சு. கட்டவுட் பெட்டியைத் திறந்தால் உள்ளே முனைகள் கருகி ஒட்டிக் கிடந்தன. "டைனமோ போச்சு, கழட்டிப் போட்டுட்டு ஆல்டர்னேட்டர் மாட்டுங்க" என்று டவுனில் சொன்னார்கள். சித்தப்பா ஒரு படி மேலே போய், "காயலான் கடையில எடைக்குப் போட்டுடலாம்ப்பா" என்றார். தாத்தா எதுவும் பேசவில்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பிடவும் இல்லை.

உண்மையில் டைனமோ நல்லாத்தான் இருந்தது. தப்பு வேறு இடத்தில்.

வண்டிகளில் ஒவ்வொரு பல்புக்கும் இரண்டு ஓயர் இழுப்பதில்லை. ஒரு ஓயர்தான் போகும். திரும்பி வரும் வழி வண்டியின் இரும்பு உடம்பு. அதைத்தான் 'எர்த்' என்கிறோம் (தரைக்குள் போகிற எர்த் இல்லை, குழப்பிக்கொள்ளாதீர்கள்). இப்போது பைக், கார், பஸ் எதில் பார்த்தாலும் பேட்டரியின் மைனஸ்தான் உடம்போடு சேர்ந்திருக்கும். ஆனால் அந்தக் காலத்து பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகள் பலவற்றில் இது தலைகீழ். பிளஸ்தான் உடம்பில்! எங்கள் வண்டியும் அந்த வகைதான். அது தெரியாமல், பார்த்துப் பழகிய வழக்கப்படி மைனஸை உடம்பில் மாட்டிவிட்டார்கள்.

எப்படிக் கண்டுபிடித்தோம் தெரியுமா? பேட்டரியின் இரண்டு தூண்களையும் தொட்டுப் பாருங்கள். பிளஸ் தூண் கொஞ்சம் தடிமன், மைனஸ் ஒல்லி. எங்கள் வண்டியில் எர்த் பட்டையின் கிளாம்பு பெரியது. அது மைனஸ் தூணில் லொடலொட என்று ஆடியதால், இடுக்கில் ஒரு தகரத் துண்டைச் சொருகி இறுக்கியிருந்தார்கள். அந்தத் தகரத்தைப் பார்த்ததும்தான் தாத்தாவுக்கு ஞாபகம் வந்தது. "ஏலே, இது பிளஸ்ஸுல மாட்டுற கிளாம்புடா!"

சரி, பேட்டரியை மாற்றி மாட்டினால் கட்டவுட் ஏன் கருக வேண்டும்? நம் அறிவியல் புத்தகத்தில் டைனமோ படம் இருக்கிறதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். டைனமோ உள்ளே இருக்கும் இரும்பில், வண்டி நின்ற பிறகும் துளி காந்தம் மிச்சம் இருக்கும். மறுபடி சுற்றும்போது அந்தத் துளியிலிருந்துதான் மின்சாரம் வளர்கிறது. அந்தக் காந்தம் எந்தப் பக்கமோ, பிளஸ் மைனஸும் அந்தப் பக்கம். கட்டவுட் என்பது ஒரு வாசல்காரன். டைனமோவின் வோல்ட் ஏறினால் கதவைத் திறந்து பேட்டரிக்கு விடுவான். இறங்கினால் சாத்திவிடுவான், இல்லாவிட்டால் பேட்டரி கரண்ட் திரும்பி டைனமோவுக்குள் போய்விடும். ஆனால் இந்த வாசல்காரனுக்கு வோல்ட் ஏறியது மட்டும்தான் தெரியும், திசை தெரியாது. எதிர்த்திசையில் வந்தாலும் கதவைத் திறந்துவிட்டான். பேட்டரியும் டைனமோவும் ஒன்றோடு ஒன்று சேர்ந்துகொண்டு ஏகப்பட்ட கரண்ட் பாய்ந்தது. முனை கருகாமல் என்ன செய்யும்?

பிளஸ்ஸை மறுபடி உடம்பில் மாட்டினோம். கட்டவுட் முனைகளை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தோம். களேபரத்தில் காந்தத்தின் திசை மாறியிருக்கலாம் என்பதால் அதையும் சரி செய்தோம். டைனமோவில் D, F என்று இரண்டு முனை உண்டு. அந்த இரண்டு ஓயரையும் கழற்றிவிட்டு, பேட்டரியின் உடம்பில் சேராத தூணிலிருந்து (எங்களுக்கு மைனஸ்) ஒரு ஓயரை எடுத்து F முனையில் ஒரு நொடி தொட்டு எடுக்க வேண்டும். சின்னப் பொறி வரும். அவ்வளவுதான் வேலை! இதைத் தாத்தா பக்கத்தில் நிற்கும்போதுதான் செய்தேன். நீங்களும் பெரியவர்கள் இல்லாமல் தொடாதீர்கள். ஓயர்களை மாட்டி ஸ்டார்ட் பண்ணினோம். அம்மீட்டர் முள் சார்ஜ் பக்கம் எழுந்து நின்றது.

ஒரு எச்சரிக்கை. பிளஸ் எர்த் வண்டியில் பாட்டு செட் மாட்டக் கூடாது. செட்டின் தகர உடம்பு மைனஸ், வண்டி உடம்பு பிளஸ். இரண்டும் உரசினால் புகைதான்.

மற்ற ஓயர்களை எலி கடித்திருந்தது. லூகாஸ் நிறக் கணக்கு தெரிந்தால் பயமில்லை. பழுப்பு பேட்டரியிலிருந்து வருவது, வெள்ளை சாவி சுவிட்ச், நீலம் ஹெட்லைட், சிவப்பு டெயில் லைட், கறுப்பு எர்த். எல்லாவற்றையும் சிவப்பு ஓயராலேயே இழுத்துவிட்டால் அடுத்த தடவை பார்க்கிறவர் பாடு திண்டாட்டம்.

இனி பெயிண்ட். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை மேலே மேலே அடித்து வண்டி தடித்துப்போயிருந்தது. மேலே இருந்தது நீலம்! சித்தப்பா முழுக்கச் சுரண்டச் சொன்னார். நான் பேட்டரி பெட்டிக்கு அடியில், வெயில் படாத இடத்தில், ஐந்து பைசா அளவுக்கு மட்டும் தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். மரத்தின் வளையம் மாதிரி ஒவ்வொரு நிறமாக வந்தது. நீலம், பச்சை, ஆரஞ்சு, கடைசியில் முதல் சிவப்பு. எஞ்சின் பக்கம் தேய்த்தால் சாம்பல். 1957-இல் மாஸி பெர்குசன் 35-க்கு வந்த ஜோடி நிறமும் இதே சிவப்பும் சாம்பலும்தான்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டு பெயிண்டுகளில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் கூடாது என்ற விதியே நம் நாட்டில் 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே உலர்வாகத் தேய்க்காதீர்கள், மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், கை கழுவாமல் சாப்பிடாதீர்கள்.

முதல் சிவப்பு நன்றாக இருந்த இடத்தில் புது பெயிண்ட் அடிக்கவில்லை. துரு பிடித்த மட்கார்டுக்கு மட்டும் ரெட் ஆக்சைடு பூசி, அதே சிவப்பை அடித்தோம். ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருக்கிறது என்று சித்தப்பா சிரிக்கிறார். சித்தன்னவாசல் தாமரைக் குளமும் பாதி அழிந்துதான் இருக்கிறது. அதன் மேலே யாராவது ஏஷியன் பெயிண்ட் அடித்தால் சும்மா விடுவோமா? தாத்தா கை பட்டுத் தேய்ந்த ஸ்டியரிங்கை நான் தொடவே இல்லை.

காயலான் கடைப் பேச்சு இப்போது வீட்டில் இல்லை. வலது பக்க டெயில் லைட்டின் சிவப்புக் கண்ணாடி மட்டும் கிடைக்கவில்லை. அறந்தாங்கி, ஆலங்குடி பக்கத்து நண்பர்கள் வீட்டில் பழைய 1035 நின்றால், கழற்றிப்போட்ட கண்ணாடி இருக்கிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள். அப்படியே உங்கள் வண்டியின் எர்த் கிளாம்பு எந்தத் தூணில் இருக்கிறது என்றும் பார்த்துவிட்டு வாங்க.

– 10-ஆம் வகுப்பு மாணவன்