உற்றுநோக்கிய மருத்துவர்

இலண்டன் நகரின் ஹாக்ஸ்டன் பகுதியில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் மருத்துவர் வாழ்ந்தார். கை நடுக்கமும் முன்வளைந்த உடலும் தடுமாறும் நடையும் கொண்டு துன்புற்ற ஆறு பேரின் நிலையை ஆராய்ந்து, 1817ஆம் ஆண்டில் அவர் ஒரு நூல் எழுதினார. அவ்வறுவருள் இருவரை அவர் தெருவிலேயே கண்டார். ஒருவரைத் தொலைவிலிருந்து மட்டுமே பார்த்தார். அவர் விவரித்த நோய் இன்று அவர் பெயராலேயே பார்க்கின்சன் நோய் என வழங்குகிறது. தமிழில் இதனை நடுக்குவாதம் என்பர். அவர் பிறந்த ஏப்ரல் 11ஆம் நாள், உலகப் பார்க்கின்சன் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

மூளையின் நடுப்பகுதியிலுள்ள சில நரம்பணுக்கள் டோபமைன் என்னும் பொருளைச் சுரக்கின்றன. உடல் அசைவுகள் சீராக நிகழ இப்பொருள் இன்றியமையாதது. அவ்வணுக்கள் சிறிது சிறிதாக அழிவதால் இந்நோய் உண்டாகிறது. கை நடுங்கத் தொடங்கும் முன்பே பல அணுக்கள் அழிந்துவிடுகின்றன.

ஆயினும் உடல் முன்கூட்டியே சில குறிப்புகளைத் தருவதுண்டு. மணத்தை உணரும் ஆற்றல் குறையலாம். கையெழுத்து வரவரச் சிறுத்துப்போகலாம். நடக்கும்போது ஒரு கை வீசாமல் இருக்கலாம். குரல் தாழலாம். நாள்தோறும் உடனிருப்போர்க்கு இம்மாற்றங்கள் எளிதில் புலப்படுவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குச் செல்லும் பேரப்பிள்ளைகளின் கண்ணுக்கோ அவை புலப்படலாம். 'தாத்தாவுக்கு வயதாகிவிட்டது' என்று எண்ணி வாளாவிராமல், கண்டதைப் பெற்றோரிடம் கூறுதல் வேண்டும். நடுக்கமெல்லாம் இந்நோய் அன்று. நடுக்கம் இல்லாதவர்க்கும் இந்நோய் இருத்தல் கூடும். ஆதலின், நடக்கச் செய்தும் விரல்களை அசைக்கச் செய்தும் ஆராய்ந்து முடிவு கூற வேண்டியவர் நரம்பியல் மருத்துவரே.

இந்நோய்க்குரிய முதன்மையான மருந்து லெவோடோபா. இது மூளையை அடைந்து டோபமைனாக மாறுகிறது. நம் நாட்டுக் கொடியாகிய பூனைக்காலியின் விதையிலிருந்து இப்பொருளைப் பிரித்தெடுத்ததைச் சென்னையைச் சேர்ந்த தாமோதரன், இராமசாமி என்னும் அறிவியலாளர் இருவர் 1937ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இது இந்நோய்க்கு மருந்தாகும் என்பது அப்போது அறியப்படவில்லை. 1961ஆம் ஆண்டில் வியன்னா நகரில் இதனை ஊசிவழிச் செலுத்தியபோது, படுக்கையிலிருந்த நோயாளிகள் எழுந்து நடந்தனர் என்ற செய்தி வெளியாயிற்று. எனினும் பூனைக்காலி விதையைத் தாமே மருந்தாக உண்ணலாகாது. அளவை மருத்துவரே வகுத்தல் வேண்டும்.

நோயை அடியோடு நீக்கும் வழி இன்னும் கண்டறியப்படவில்லை. ஆயினும் காலத்தே கண்டறிந்து, மருந்தும் உடற்பயிற்சியும் தவறாது மேற்கொள்வோர் பல ஆண்டுகள் தம் பணிகளைத் தாமே செய்து வாழ இயலும்.

சொற்பொருள்
வாளாவிருத்தல் – ஒன்றும் செய்யாதிருத்தல்
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது
காலத்தே – உரிய நேரத்தில்

பிரித்து எழுதுக
1. நரம்பணு 2. கையெழுத்து 3. இந்நோய்

விடை எழுதுக
1. பார்க்கின்சன் நோய் எதனால் உண்டாகிறது?
2. இந்நோயின் தொடக்கக் குறிப்புகள் மூன்றனை எழுதுக.
3. உடனிருப்போர் காணாத மாற்றம் பேரப்பிள்ளைகளுக்குப் புலப்படுவது ஏன்?

செயல்பாடு
ஊரிலுள்ள தாத்தா அல்லது பாட்டிக்குத் தமிழில் ஒரு மடல் எழுதுக. தம் கையாலேயே மறுமொழி எழுதுமாறு அவரை வேண்டுக.