சோடா பொங்காமல் ஊற்ற பத்துக் குறிப்புகள்

பூதலிங்கசுவாமி கோயில் தேரோட்டத்துக்கு உறவுக்காரர்கள் வந்தாலும் சரி, பங்குனி வெயிலில் வெளியே போய்த் திரும்பினாலும் சரி, பூதப்பாண்டிப் பக்கத்தில் ஒரு கிளாஸ் போஞ்சி (எலுமிச்சைச் சாறு கலந்த சோடா) குடித்தால்தான் களைப்பு ஆறும். கடையில் கோலிச் சோடா வாங்கிவந்த காலம் போய், இப்போது சில வீடுகளில் சிலிண்டர் பொருத்திய சோடா மெஷினே வந்துவிட்டது. தொல்லை மட்டும் பழசுதான்: பாதி டம்ளர் சோடா, பாதி டம்ளர் நுரை, மேஜையெல்லாம் ஈரம். தண்ணீருக்குள் அழுத்தி அடைத்த கரியமில வாயு வெளியே ஓடுவதுதான் இந்த நுரை. டம்ளரிலேயே அது ஓடிவிட்டால் குடிக்கும்போது நாக்கில் ‘சுர்’ ஏறாது. ஓடவிடாமல் பிடித்துவைக்கச் சில வழிகள்:

1. முதல் மருந்து குளிர்ச்சி. சாதாரணக் காற்றழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் 0 டிகிரியில் சுமார் 1.7 லிட்டர் கரியமில வாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 20 டிகிரியில் அது 0.9 லிட்டருக்கும், 30 டிகிரியில் 0.7 லிட்டருக்கும் கீழே போய்விடும். அதனால் சோடாவை முந்தின இரவே பிரிட்ஜில் வையுங்கள். பகலில் நெடுநேரம் கரண்ட் போயிருந்தால், பாட்டிலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திறங்கள். அவசரத்துக்குக் கண்ணாடிப் பாட்டிலை பிரீசரில் வைக்கவே வேண்டாம், உறைந்தால் வெடிக்கும்.

2. டம்ளரைக் கவனியுங்கள். சோடா ஊற்றிய கண்ணாடி கிளாஸை வெளிச்சத்தில் பிடித்தால், ஒரே புள்ளியிலிருந்து குமிழிகள் சரம் சரமாக ஏறுவது தெரியும். அந்த இடத்தில் துண்டின் நூலோ, உப்புத் தண்ணீரின் படிவோ, கம்பி நாரால் தேய்த்த கீறலோ இருக்கும். பிழிந்த எலுமிச்சைத் தோலால் உள்பக்கம் தேய்த்து, நன்றாக அலசி, துடைக்காமல் கவிழ்த்து வையுங்கள். ஊற்றுவதற்கு முன் ஒருமுறை குளிர்ந்த தண்ணீர் விட்டுக் கொட்டினால் டம்ளரின் சூடும் இறங்கும்.

3. போஞ்சிக்கு உப்பும் சீனியும் முதலில். சோடாவை ஊற்றிவிட்டு மேலே உப்பைப் போட்டால், ஒவ்வொரு கல்லைச் சுற்றியும் குமிழி பிறந்து நுரை புசுபுசுவென்று எழும். கடைக்காரர் அப்படிப் போடுவது பார்க்க நன்றாக இருக்கும். வீட்டில் மேஜை துடைப்பவருக்குத்தான் தெரியும் சிரமம். எலுமிச்சைச் சாறு, உப்பு, சீனி மூன்றையும் இரண்டு ஸ்பூன் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, கொட்டையையும் சக்கையையும் வடிகட்டி, அதன்மேல் சோடாவை ஊற்றுங்கள்.

4. நன்னாரி சர்பத்துக்கும் இதே வரிசைதான். ஆனால் சீனிப்பாகின் கொழகொழப்பால் நுரை சீக்கிரம் உடையாது. கால் டம்ளர் சோடா விட்டு, ஸ்பூனால் ஒரு சுற்று மட்டும் மெதுவாகக் கலக்கி, நுரை இறங்கியபின் மீதியை விடுங்கள். ஊறிய சப்ஜா விதை கடைசியில்.

5. டம்ளரைச் சாய்த்துப் பிடித்து, உள் ஓரமாக வழியவிடுங்கள். முக்கால் பங்கு நிறைந்ததும் நிமிர்த்துங்கள். டீக்கடைப் பழக்கத்தில் தூக்கி ஆற்றினால் பாதி வாயு காற்றோடு போகும்.

6. கோலிச் சோடா என்றால் பாட்டிலின் கழுத்தைப் பாருங்கள். இங்கிலாந்தில் ஹிராம் காட் என்பவர் 1870-களில் காப்புரிமை பெற்ற வடிவம் இது. கழுத்தில் இரண்டு பள்ளங்கள் இருக்கும். அந்தப் பக்கம் கீழே வரும்படி சாய்த்தால் கோலி அதில் உட்கார்ந்துகொள்ளும். சோடா சீராக வரும். மறுபக்கம் சாய்த்தால் கோலி உருண்டு வாயை அடைக்கும், விட்டு விட்டுக் கொட்டி நுரைக்கும்.

7. நாகர்கோவிலிலிருந்து பைக்கில் குலுங்கி வந்த சோடாவை உடனே திறக்காதீர்கள். நிமிர்த்தி, குளிரில் வைத்து, ஆறவிடுங்கள். பாட்டிலைத் தட்டினால் அடங்கும் என்பதை நம்ப வேண்டாம். 2019-ல் டென்மார்க்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பீர் கேன்களைக் குலுக்கி, தட்டிச் சோதித்தார்கள்; தட்டியதால் ஒரு பலனும் இல்லை.

8. சோடா மெஷினில் வெறும் தண்ணீர் மட்டும். குளிர்ந்த தண்ணீரைக் கோடு வரைக்கும் நிரப்பி, பொத்தானைச் சிறிது சிறிதாக விட்டு விட்டு அழுத்துங்கள். பாட்டிலைக் கழற்றும்போது அழுத்தம் மெல்ல இறங்கட்டும். சாறு கலந்த தண்ணீரில் வாயு ஏற்றினால் மூக்குக் குழாய் வழியே பொங்கி மெஷினையே அடைக்கும். சிலிண்டரை வெயிலிலோ அடுப்பருகிலோ வைக்காதீர்கள்.

9. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வீட்டில் பீப்பாய் பீர் குழாய் வைத்திருந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. பீர் நுரை தானியப் புரதத்தால் நிலைக்கும், ஆகவே இன்னும் பிடிவாதம். பீப்பாய் 3, 4 டிகிரியில் இருக்கட்டும். முதல் கிளாஸ் மட்டும் நுரைத்தால், பிரிட்ஜுக்கு வெளியே இருக்கும் குழாய் சூடாக இருக்கிறது என்று அர்த்தம். எல்லா கிளாஸும் நுரைத்தால் ரப்பர் குழாய் மிகக் குட்டையாக இருக்கலாம், நீளமானதாக மாற்றலாம். வாயு அழுத்தத்தை மிகவும் குறைத்தால் குழாய்க்குள்ளேயே வாயு பிரிந்து நுரை கூடும். திருகைப் பாதி திறக்காமல் முழுசாகத் திறக்க வேண்டும். குழாயை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும். சோடாவுக்கும் பீருக்கும் உறவு பழையது: ஜோசப் பிரீஸ்ட்லி லீட்ஸ் நகரில் மதுவடிசாலைக்குப் பக்கத்தில் குடியிருந்தபோது, பீர் தொட்டியின் மேல் தேங்கிய வாயுவைத் தண்ணீரில் கலந்துதான் முதல் சோடாத் தண்ணீரைச் செய்தார்.

10. பாட்டிலில் மிச்சமிருக்கும் சோடாவை இறுக மூடி பிரிட்ஜில் வைத்து, சாயங்காலம் வாழைக்காய் பஜ்ஜிக்கு மாவு கரையுங்கள். மிச்ச வாயு மாவைக் கொஞ்சம் உப்பவைக்கும், ஆப்பசோடா வேண்டாம். எண்ணெய் காய்ந்த பிறகே கரைத்து, உடனே போட்டு எடுத்துவிட வேண்டும். வெறும் சோடாவாக இருக்கட்டும். சர்பத் கலந்தது ஆகாது.