நேர்த்துளைக்கும் சாய்துளைக்கும் டிரில் கைடு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மாட்டிய கதவில் பூட்டுக்குத் துளை போட வேண்டும். கட்டில் சட்டத்தைப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பெஞ்ச் டிரில் இருக்கும் இடத்துக்கு மரம் போக முடியாத இந்த மாதிரி வேலைகளுக்குத்தான் கையடக்க டிரில் கைடு. கனமான ஒரு அடித்தட்டு, அதிலிருந்து எழும் இரண்டு தண்டுகள், அவற்றில் ஏறி இறங்கும் ஒரு வண்டி, அந்த வண்டிக்கென்று தனியாக ஒரு சக். உங்கள் டிரில் மிஷின் வண்டியின் மேல்முனையைப் பிடித்துச் சுழற்றும். பிட்டைப் பிடிப்பது கைடின் சக்.

வெறுங்கையால் துளை போடும்போது 3 டிகிரி சாய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. 18 மி.மீ. பிளைவுட்டில் அதனால் வரும் விலகல் 1 மி.மீ.கூட இல்லை. அதே சாய்வு 75 மி.மீ. கட்டில் காலில் கிட்டத்தட்ட 4 மி.மீ. ஆகிவிடும். இந்தப் பக்கம் நுழைத்த போல்ட் அந்தப் பக்கத்துத் துளையைச் சந்திக்காது. கைடு இந்த விலகலைத் தடுக்கும், ஆனால் அடித்தட்டு மரத்தில் முழுதாகப் படிந்திருந்தால் மட்டுமே. கீழே சொல்லும் பெரும்பாலானவை அந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே வருகின்றன.

செய்ய வேண்டியவை

வாங்கிய அன்றே பூஜ்ஜியத்தைச் சோதியுங்கள். அளவுகோலில் முள் 0-வில் நிற்கிறது என்பதால் பிட் செங்குத்தாக நிற்கிறது என்று அர்த்தமில்லை. இருபுறமும் சமமாக இழைத்த 50 மி.மீ. கட்டை ஒன்றில் துளை போடுங்கள். பிறகு மிஷினைக் கழற்றிவிட்டு, கைடை அப்படியே அரைவட்டம் திருப்பி வைத்து, பிட்டைக் கையாலேயே அந்தத் துளைக்குள் இறக்குங்கள். பக்கவாட்டில் உரசாமல் அடிவரை இறங்கினால் கைடு நேராக இருக்கிறது. பாதியில் உரசி நின்றால் சாய்ந்திருக்கிறது. திருப்பி வைத்ததில் பிழை இரண்டு மடங்காகத் தெரியும் என்பதால், திருத்தும்போது அதில் பாதி அளவு நகர்த்தினால் போதும். சரியான இடம் கிடைத்ததும் கூரான ஊசியால் அங்கே சொந்தமாக ஒரு கோடு கீறிவிடுங்கள். கம்பெனி ஒட்டிய ஸ்டிக்கரைவிட அந்தக் கீறலை நம்பலாம்.

சக்கை இறுக்கும்போது சாவியை ஒரு ஓட்டையில் மட்டும் போட்டுத் திருகி விட்டுவிடாதீர்கள். மூன்று ஓட்டைகளிலும் மாற்றி மாற்றி இறுக்குங்கள். இங்கே சக் இரண்டு இருக்கிறது, இரண்டும் கொஞ்சம் ஆடினாலே பிட்டின் நுனி நன்றாக ஆடும்.

மரத்தையும் கட்டுங்கள், கைடையும் கட்டுங்கள். மேசையோடு மரத்துக்கு ஒரு சி-கிளாம்ப், மரத்தோடு அடித்தட்டுக்கு இன்னொன்று. இடமில்லை என்றால் மரத்தையாவது கட்டிவிட்டு, இடது கையால் அடித்தட்டை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மையத்தில் சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி அடித்து, பிட் நுனியை அதில் உட்கார வைத்த பிறகே சுவிட்சைத் தொடுங்கள். முதல் 2 மி.மீ. மெதுவாக இறங்கட்டும். துளை நேராக வருமா என்பது பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடும்.

பலகையின் விளிம்பில் டவல் கட்டைக்குத் துளை வேண்டுமா? பல கைடுகளில் அடித்தட்டின் கீழ் இரண்டு முளைகள் இருக்கும். அவை பலகையின் இரு முகங்களையும் தொடும்வரை கைடைத் திருகினால், பிட் தானாகவே தடிமனின் நட்டநடுவுக்கு வந்துவிடும். அளவெடுத்துப் போடுவதைவிட இது துல்லியமானது. விளிம்பு கோணலாக அறுக்கப்பட்டிருந்தால் மட்டும் முதலில் அதை இழைத்துக்கொள்ளுங்கள். குழாய், உருளைக் கட்டை போன்றவற்றுக்கு அடித்தட்டில் வி வடிவப் பள்ளம் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

அலமாரிக் கதவுகளில் ஆட்டோ ஹிஞ்ச் பொருத்த 35 மி.மீ. குழி போடுவதற்கு இந்தக் கைடு மிகவும் உதவும். 18 மி.மீ. பிளைவுட்டில் 12 மி.மீ. ஆழம் போதும். ஆழத்தை நிறுத்தும் வளையத்தை அமைக்கும்போது ஃபார்ஸ்ட்னர் பிட்டின் நடுமுனையிலிருந்து அளக்காமல், வட்டமான வெட்டு விளிம்பு மரத்தைத் தொடும் நிலையிலிருந்து 12 மி.மீ. கணக்கிடுங்கள். 35 மி.மீ. பிட் அடித்தட்டின் ஓட்டைக்குள் நுழையுமா, அதன் தண்டு கைடின் சக்கில் அடங்குமா என்பதைக் கடையிலேயே பார்த்துவிட வேண்டும். பல கைடுகளின் சக் 10 மி.மீ. வரைதான் பிடிக்கும்.

துளை மறுபக்கம் வெளியேறும் இடத்தில் ஒரு கழிவுப் பலகையை அண்டக் கொடுத்தால் லேமினேட் பெயராது.

சாய்துளைக்கு மட்டும்

சாய்ந்த பிட்டின் ஒரு பக்கம்தான் முதலில் மரத்தைத் தொடும். மறுபக்கம் காற்றில் இருக்கும். அதனால் பிட் சரிவான திசையில் வழுக்கப் பார்க்கும், மெல்லிய பிட் வளையவும் செய்யும். இதற்கு நல்ல வழி, மேலே ஒரு துண்டுக் கட்டையைக் கட்டி அதன் வழியாகத் துளையை ஆரம்பிப்பது. அடியில் இருக்கும் நல்ல மரத்தைத் தொடுவதற்குள் பிட்டைச் சுற்றி முழு மரம் இருக்கும், வழுக்க இடமிருக்காது. துண்டுக் கட்டை வைக்க வழியில்லை என்றால் நடுவில் கூர்முனை உள்ள மரப் பிட் அல்லது ஃபார்ஸ்ட்னர் பிட் போடுங்கள். இரும்புக்கான சாதாரண எச்.எஸ்.எஸ். பிட் சாய்துளையைத் தொடங்க ஏற்றதல்ல.

கோணம் கூடும்போது கணக்கும் மாறும். 45 டிகிரியில் 10 மி.மீ. பிட் போட்டால் துளையின் வாய் 14 மி.மீ. நீள முட்டை வடிவமாகும். 18 மி.மீ. பலகையைக் கடக்க பிட் 25 மி.மீ.க்கு மேல் பயணிக்கும். விளிம்புக்கு எவ்வளவு தள்ளிப் போடுவது, ஆழ வளையத்தை எங்கே நிறுத்துவது இரண்டையும் இதை வைத்தே முடிவு செய்யுங்கள்.

ஸ்டூல் கால்கள் முன்பக்கமும் 10 டிகிரி, பக்கவாட்டிலும் 10 டிகிரி விரிய வேண்டும் என்று வையுங்கள். இரண்டு முறை சாய்க்கத் தேவையில்லை. பலகையின் மூலையை நோக்கி 45 டிகிரியில் ஒரு கோடு வரைந்து, அந்தக் கோட்டின் போக்கில் கைடை வைத்து, 14 டிகிரிக்குச் சாய்த்தால் இரண்டு விரிவும் ஒன்றாகக் கிடைக்கும். நான்கு கால்களுக்கும் அதே 14, திசை மட்டும் மாறும். ஒரு துளை முடிந்ததும் கோணத் திருகைத் தளர்த்தாமல் நான்கையும் முடித்துவிடுங்கள். மறுபடி அமைத்தால் அதே இடத்தில் நிற்காது.

செய்யக்கூடாதவை

ஹாமர் மோடில் கைடைப் பயன்படுத்தவே கூடாது. நம் வீடுகளில் இருக்கும் டிரில் பெரும்பாலும் சுவருக்காக வாங்கிய இம்பாக்ட் டிரில்தான், சுத்தியல் படம் போட்ட பக்கமே தள்ளியிருக்கும். மரத்தைத் தொடும் முன் அந்தக் குமிழைப் பாருங்கள். அந்த அதிர்வில் வண்டியின் புஷ் தேய்ந்து ஆட்டம் கண்டுவிடும், அதற்குப் பிறகு கைடு எதற்கும் உதவாது. செங்கல் சுவருக்கும் கான்கிரீட்டுக்கும் இதை எடுக்காதீர்கள். எஸ்.டி.எஸ். சக் உள்ள ரோட்டரி ஹாமரில் அடாப்டர் போட்டு மாட்டுவதும் வேண்டாம், நடுவில் ஒவ்வொரு இணைப்பும் கொஞ்சம் ஆடும்.

தட்டையான மண்வெட்டி வடிவ பிட்டைப் போடாதீர்கள். கையில் பிடித்துப் போடவே அது உதறும்.

மழுங்கிய பிட்டைக் கைடு காப்பாற்றும் என்று எண்ண வேண்டாம். தேக்கில் சிலிக்கா இருப்பதால் முனை சீக்கிரம் மழுங்கும், மழுங்கிய முனை ரேகை போகும் பக்கம் போகும். வேம்பு போல ரேகை பின்னிய மரத்தில் இன்னும் மோசம். அப்போது மேலிருந்து பலமாக அழுத்தினால் தண்டுகள் வளையுமே தவிர துளை நேராகாது. அழுத்தத்தைக் குறைத்து, ஒவ்வொரு 10 மி.மீ.க்கும் பிட்டை மேலே எடுத்துத் தூளை வெளியேற்றுங்கள்.

கைடின் ஓட்டம் முடிந்த பிறகும் ஆழம் போதவில்லை என்றால் வண்டியை இடித்து இறக்காதீர்கள். கைடைக் கழற்றிவிட்டு, போட்ட துளையையே வழியாகக் கொண்டு கையால் தொடருங்கள். 50, 60 மி.மீ. நேர்த்துளை அதற்குப் போதுமான வழி காட்டும்.

மெல்லிய தகட்டைக் கையால் பிடித்துக்கொண்டு துளை போடக்கூடாது. பிட் வெளியேறும் நொடியில் தகடு அதில் மாட்டிக் கத்தி போலச் சுற்றும். கையுறை, துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை எதுவும் சுழலும் சக்குக்குப் பக்கத்தில் வரக்கூடாது. கைடில் சக்கும் வண்டியும் முகத்துக்கு அருகே இருப்பதால் கண்ணாடி அவசியம். பிட் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்குங்கள், பேட்டரி மிஷின் என்றால் பேட்டரியைக் கழற்றுங்கள்.

தண்டுகளுக்கு கிரீஸ் தடவாதீர்கள். மரத்தூள் அதில் ஒட்டி வண்டியை இறுக்கிப் பிடிக்கும். உலர்ந்த துணியால் துடைத்து, கொஞ்சம் மெழுகு தேய்த்தால் போதும்.