ஆளறிந்து வேலை வாங்குதல்

ரமளான் பிறை தென்பட்டுவிட்டால் ராயகிரியை அடுத்த வாசுதேவநல்லூர், புளியங்குடி வட்டாரப் பள்ளிவாசல்களில் லுஹருக்குப் பிறகு கஞ்சி அடுப்பு மூண்டுவிடும். அண்டாவின் பக்கத்தில் இருபது வருஷமாகத் துடுப்புப் பிடித்த பெரியவர் நிற்பார். இந்த வருஷம்தான் உதவிக்கு வந்த பையனும் நிற்பான். இருவரையும் ஒரே குரலில் விரட்டுகிற பொறுப்பாளர் வாய்த்துவிட்டால், பத்தாம் நோன்புக்குள் பையன் வரமாட்டான். பெரியவரும் மனம் கசந்து ஒதுங்கிவிடுவார். பிறகு கூலிக்கு ஆள் தேட வேண்டியதுதான்.

நபி (ஸல்) அவர்கள் எல்லோரிடமும் ஒரே குரலில் பேசியதில்லை. நாட்டுப்புறத்து அரபி ஒருவர் மஸ்ஜிதுந் நபவியிலேயே சிறுநீர் கழித்தபோது, பாய்ந்தெழுந்த தோழர்களைத் தடுத்தார்கள். அவர் முடித்தபின் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் செய்து, பள்ளிவாசல் எதற்குரியது என்று அவருக்கு விளக்கினார்கள். ஆனால் முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்கள் இஷாவில் அல்பகறாவை நீட்டி ஓதி, பகலெல்லாம் உழைத்துக் களைத்த ஒருவர் ஜமாஅத்தை விட்டு விலகும்படி செய்தபோது, மும்முறை கடிந்துகொண்டார்கள். முன்னவர் அறியாதவர், பின்னவர் ஆலிம். கடிந்ததோடு நில்லாமல், ஓதத்தக்க சிறு ஸூராக்களின் பெயரையும் சொல்லிக் கொடுத்தார்கள். இதை நம் பொறுப்பாளர்கள் பலர் கவனிப்பதே இல்லை!

ஹிஜ்ரி 8-ல் மக்கா வெற்றிக்குப் பின், அந்நகரின் பொறுப்பு இருபதையொட்டிய வயதினரான அத்தாப் இப்னு அஸீத் (ரலி) அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் இஸ்லாத்தைத் தழுவி அதிக நாளாகவில்லை. ஆகவே மக்களுக்கு மார்க்கம் கற்பிக்க, மேலே சொன்ன முஆத் (ரலி) அவர்களையே நபியவர்கள் அங்கு விட்டுச் சென்றார்கள். இளைஞருக்கு அதிகாரமும் கிடைத்தது, பக்கத்தில் துணையும் கிடைத்தது.

கஞ்சிக் கொட்டகையிலும் வழி இதுதான். புதுப் பையனுக்கு அரிசி களைவது முதல், அடிப்பிடிக்காமல் துடுப்பை அண்டாவின் அடிவரை இழுப்பது வரை கூட நின்று காட்ட வேண்டும். இரண்டாம் வருஷக்காரனிடம் துடுப்பைக் கொடுத்துவிட்டுச் சற்றுத் தள்ளி நிற்கலாம். அவனுக்கு வேலை பாதி தெரியும், சலிப்பு முழுதாக வந்திருக்கும். அவனைத் தட்டிக் கொடுப்பதே பெரும்பாடு. பெரியவரிடமோ, “இன்றைக்கு எத்தனை படி போடலாம் மாமா?” என்று கேட்டாலே போதும்.

எந்தப் பையன் எந்தப் பெரியவரோடு நிற்பது என்பதை ஷஃபான் கடைசி வாரத்திலேயே பொறுப்பாளர்கள் எழுதி வைத்துக்கொள்ளட்டும். நெருப்பும் கொதிக்கும் கஞ்சியும் உள்ள இடம். புதியவனை ஒரு நாளும் அங்கே தனியே விடலாகாது.