தோற்ற ஆட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம்?

இரவு பத்து மணி. கடலோர ஊரான மணமேல்குடியின் கடைத்தெரு அடங்கிவிட்டது. செல்பேசியில் ஆடிய ரேப்பிட் சதுரங்க ஆட்டம் கையில் இருந்து நழுவி, தோல்வி என்று திரை காட்டுகிறது. உடனே இன்னொன்று ஆடலாம். ஆட்டத்தை அலசும் கணினி நிரலான இன்ஜினைத் தட்டி எங்கே தப்பு என்று கேட்கலாம். அல்லது ஒரு நோட்டை எடுத்து, ஆட்டத்தை முதல் நகர்த்தலிலிருந்து நாமே ஓட்டிப் பார்க்கலாம்.

முதல் வழியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கோபத்தில் ஆடும் ஆட்டத்தில் முந்தைய தவறே திரும்பவும் வரும். வலை அறுந்திருப்பது தெரிந்தும் அதையே மறுநாள் கடலில் போட நம் கரையில் யாரும் துணியமாட்டார்கள்.

இன்ஜினிடம் கேட்பதுதான் இன்று பெரும்பாலானவர்கள் போகும் வழி. ஸ்டாக்ஃபிஷ் என்ற இன்ஜின் சில விநாடிகளில் உங்கள் பிழைகளைச் சிவப்பில் காட்டிவிடும். ஆனால் எந்த நகர்த்தல் தவறு என்று சொல்லுமே தவிர, அதை ஏன் ஆடினீர்கள் என்று அதற்குத் தெரியாது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் 14ஆவது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டிங் லிரென் 55ஆவது நகர்த்தலில் யானையை மாற்றிக்கொள்ள முன்வந்தார். இன்ஜினின் கணக்கு அந்த நொடியே கவிழ்ந்தது. அந்த எண்ணை மட்டும் பார்த்தவருக்குக் கிடைத்தது ஒரு தகவல். பலகையைப் பார்த்தவருக்கோ காரணமே கிடைத்தது: மூலையில் நின்ற டிங்கின் பிஷப்புக்கு ஓட இடமில்லை, எதிரே ஆடிய குகேஷ் அதையும் மாற்றிவிட்டால் மிஞ்சுவது தோற்கும் சிப்பாய் முடிவாட்டம். அந்தக் காரணம்தான் உங்கள் அடுத்த ஆட்டத்துக்கு உதவும்.

அதே குகேஷ் வளர்ந்த விதம் இங்கே பொருத்தமானது. பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா அவரை ஏறக்குறைய 2500 தரப்புள்ளி வரும்வரை இன்ஜின் பக்கமே விடவில்லை. 2019 ஜனவரியில், 12 வயதில், அவர் கிராண்ட்மாஸ்டர் ஆனார். ஆனால் அவரருகே ஒரு ஆசான் உட்கார்ந்திருந்தார். சென்னையிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் நமக்கு, நாம் எழுதியது சரியா என்று பார்க்க இன்ஜின் வேண்டும். அதனால் என் பரிந்துரை நோட்டு முதலில், இன்ஜின் பிறகு. இந்த வரிசை மாறவே கூடாது.

நோட்டில் என்ன எழுதுவது? எல்லா நகர்த்தலையும் அல்ல. நெடுநேரம் யோசித்த இடம், பயந்த இடம், எதிராளி ஆடியதும் திடுக்கிட்ட இடம் போதும். அப்போது மனதில் ஓடியதை உள்ளபடி எழுதுங்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எவ்வளவு நேரம் எடுத்தீர்கள் என்பதை நீங்கள் ஆடிய இணையதளமே சேமித்து வைத்திருக்கும். அதையும் பக்கத்தில் குறியுங்கள். இருபது ஆட்டம் இப்படி எழுதிய பிறகு என் நோட்டில் ஒரு விஷயம் வெளிச்சமானது. எதிராளி ஒரு காயை வெட்டியதும் இரண்டே விநாடியில் திருப்பி வெட்டியிருக்கிறேன்; பெரிய சேதம் பெரும்பாலும் அங்கேதான். எந்த இன்ஜினும் இதை எனக்குச் சொல்லியிருக்காது.

நண்பரோடு உட்கார்ந்து அலசுவது இன்னொரு வழி. கிடைத்தால் விடாதீர்கள். சமபலம் உள்ளவரே போதும். உங்கள் கண்ணுக்குத் தப்பிய குதிரைத் தாவல் அவருக்குத் தெரியும். அவர் அறந்தாங்கியில் இருந்தாலும் ஆட்டத்தின் இணைப்பை அனுப்பினால் போதும், போனில் பேசிக்கொண்டே பார்க்கலாம்.

ஆடவும் அலசவும் ஏற்ற தளம் எது? லிச்செஸ் முழுக்க இலவசம், விளம்பரம் இல்லை. இன்ஜின் அலசலுக்குப் பிறகு உங்கள் தவறுகளையே புதிர்களாக்கி, சரியான நகர்த்தலை நீங்களே தேடச் சொல்லும். செஸ்.காம் நகர்த்தல்களுக்கு விளக்கம் சொல்லி நடத்திச்செல்லும். சிறுவர்களுக்கு அது பிடிக்கும், ஆனால் இலவசக் கணக்கில் அந்த அலசலுக்கு வரம்பு உண்டு. கற்பதற்கு லிச்செஸ்ஸையே தேர்ந்தெடுப்பேன்.

கடிகாரமும் முக்கியம். பத்து நிமிட ஆட்டத்தில் கடைசிப் பிழைகள் பெரும்பாலும் நேரமின்மையால் வருபவை. அவற்றை அலசிப் பயன் குறைவு. பதினைந்து நிமிடம், நகர்த்தலுக்குப் பத்து விநாடி கூடுதல் என்ற ஆட்டத்தில் யோசித்துச் செய்த தவறுகள் கிடைக்கும். 2022 பிப்ரவரியில் இணையவழி ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ் தொடரில், 16 வயது பிரக்ஞானந்தா கருப்புக் காய்களுடன் அப்போதைய உலகச் சாம்பியன் கார்ல்சனை வென்றதும் இந்த நேரக் கணக்கில்தான்.

வேலை முடிந்து ஒரு மணி நேரமே மிச்சம் இருப்பவர் ஒரே ஒரு ஆட்டம் ஆடட்டும். பத்து நிமிடம் நோட்டு, ஐந்து நிமிடம் இன்ஜின். நோட்டில் எழுதியதற்கும் இன்ஜின் காட்டியதற்கும் எங்கே ஒத்துப்போகவில்லையோ, அந்த நிலையை மட்டும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, மறுநாள் பேருந்துக்குக் காத்திருக்கும்போது இன்னொரு தடவை பார்க்கலாம்.